மொத்தம் பெருகிய கடல்

எங்கள் துறைத்தலைவருக்குப் பட்டப்பெயர் பனிக்கரடி. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, பதினோரு நாள், தென்துருவக் கடலுக்குக் கப்பலில் போய் வந்தவர். தென்துருவத்தில் பனிக்கரடியே கிடையாது. பெயர் வைத்தவனுக்கு அது தெரியவில்லை. கேட்டுக் கேட்டு உள்ளுக்குள் பூரிக்கிற அவரும் திருத்தவில்லை. கப்பலில் கொடுத்த ஆரஞ்சு நிறக் கோட்டு அவருடைய நாற்காலி முதுகில் இன்னமும் தொங்குகிறது. விருந்தினர் வந்தால் ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டு அதை எடுத்துப் போட்டுக்கொள்வார். பூமி சூடாவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். கேட்கிற எங்களுக்கு மூக்கு ஒழுகும்.

நான் எண்ணுகிறவள். வேலையே அதுதான். கப்பல்காரர்கள் துருவக் கடலின் தண்ணீரைப் பழுப்பு நிறப் புட்டிகளில் பிடித்து, கெடாமல் இருக்க அயோடின் ஊற்றி அனுப்புவார்கள். ஆறின டீ மாதிரி இருக்கும். அதை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஒரு நாள் அசையாமல் வைத்தால், உள்ளே இருக்கிற உயிர்கள் அடியில் படியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். இடது கையில் ஒரு கருவி. ஒன்றைப் பார்த்தால் ஒரு அமுக்கு. பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு என்ன கொடுப்பார்கள் என்று சேர்ந்தேன். பதினான்கு வருடம் ஆயிற்று. பட்டம் வாங்கினவர்கள் எட்டு பேர் இதே ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்து வலிக்கிறது என்று எழுந்து போய் அதிகாரிகளாகிவிட்டார்கள்.

எண்ணுகிற தாளில் பன்னிரண்டு வகைக்குப் பன்னிரண்டு வரி. எல்லாம் பெரிய பாசிகள். கண்ணாடி ஓடு போட்டவை. சங்கிலி மாதிரி, சக்கரம் மாதிரி, சீப்பு மாதிரி இருக்கும். பதின்மூன்றாவது வரி 'மற்றவை'. எந்த வகையிலும் சேராத பொடிசுகளுக்கு. அதற்குக் கீழே 'மொத்தம்'. அதற்கும் கீழே 'எண்ணியவர் கையொப்பம்'.

நான் சேர்ந்த வருடம் மற்றவையில் நூறோ இருநூறோ வரும். பன்னிரண்டு வரியும் நிரம்பி வழியும். பிறகு வருடா வருடம் பனி முன்கூட்டியே உருகத் தொடங்கியது. உருகின தண்ணீர் கடலின் மேலே மெல்லிசாகப் பரவிக்கொள்ள, பெரிசுகள் குறைந்தன, பொடிசுகள் பெருகின. இந்த வருடம் மேலே இருக்கிற ஐந்து வரி சைபர், மீதி ஏழில் ஒன்றோ இரண்டோ. மற்றவையில் எழுத இடம் போதவில்லை. எண்களை நெருக்கி எழுதினேன்.

பெரிசு போய்ப் பொடிசு வந்தால் என்ன என்று கேட்கலாம். கிரில் என்று ஒரு சின்ன இறால் இருக்கிறது. திமிங்கிலம், சீல், பென்குயின் எல்லாவற்றுக்கும் அதுதான் சாப்பாடு. அதன் கால்கள் சல்லடை மாதிரி. தண்ணீரை வடிகட்டிப் பாசியைத் தின்னும். பெரிசு சல்லடையில் நிற்கும். பொடிசு ஓட்டை வழியாகப் போய்விடும். தவிடு சலித்த எவளுக்கும் விளங்குகிற சங்கதி. விளங்காமல் இருப்பதற்கு முனைவர் பட்டம் வேண்டும்.

பனிக்கரடி பதின்மூன்று வரியையும் கூட்டினார். மொத்தம், பதினான்கு வருடத்துக்கு முன்னால் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. "பார்த்தீங்களா, கடல் செழிக்குது" என்றார். யானை பத்து செத்து, கொசு பத்தாயிரம் பிறந்தால் காடு செழிக்கிறது என்கிற கணக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் இல்லாத பூசணிக்காயை இலை நிறையப் பரிமாறுகிறவர்.

அந்த மொத்தத்தை வைத்துப் படம் வரைந்தது என் தம்பி. நான்தான் கெஞ்சி அவனுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் அக்கா, இங்கே மேடம். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகும்படி வரைந்திருந்தான். மைக்ராஸ்கோப்பில் ஒருநாளும் கண் வைக்காதவன். நிறத்தை மட்டும் மூன்று தடவை மாற்றினான்.

கிரில் பிடிக்க எத்தனை கப்பல் போகலாம் என்று முடிவு செய்கிற குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. கிரிலுக்குத் தீனி இருக்கிறது என்று எங்கள் தாளில் பார்த்தால் கப்பல்களைக் கூட்டுவார்கள். எண்ணியவர் கையெழுத்து இல்லாத தாள் செல்லாது. இதுவரை பதின்மூன்று வரியையும் நிரப்பி நான் கையெழுத்துப் போடுவேன். கூட்டுவதை அலுவலகத்தில் கூட்டிக்கொள்வார்கள். இந்தத் தடவை அலுவலகத்திலேயே கூட்டி, கையெழுத்துக்கு என்று அனுப்பின தாளில் பன்னிரண்டு வரியும் இல்லை, பதின்மூன்றாவதும் இல்லை. மொத்தம் மட்டும் இருந்தது.

புதன்கிழமை அவருடைய அறைக்குப் போய், பெரிசைத் தனியாக, பொடிசைத் தனியாகக் காட்டலாமே என்று கேட்டேன். கேட்டேன் என்று எழுதுவது எளிது. கதவுக்கு வெளியே கால் மணி நேரம் நின்று, இரண்டு தடவை திரும்பி வந்து, பிறகுதான் போனேன். அவர் சிரித்தார்.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதும்மா."

கடுகைத் தாளிக்கலாம். தட்டு நிறையக் கடுகை வைத்து இதுதான் சாப்பாடு என்றால் இவர் சாப்பிடுவாரா என்று நினைத்துக்கொண்டேன். குழுவினர் மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஆசைப்படுவார்கள், நீ சேர்ந்த புதிதில் செய்துவைத்த ஸ்லைடை மாட்டு, அதுதான் பார்க்க அழகு என்றார். அது பழசு சார் என்றேன்.

"எந்த வருஷமா இருந்தா என்ன? அதே கடல்தானே."

அன்று சாயங்காலம் வீட்டில் தம்பி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். மாதக் கடைசியில் இரண்டு பேருடைய ஒப்பந்தமும் முடிகிறது, புதுப்பிக்க வேண்டியது அந்த ஒரு ஆள், திமிங்கிலம் நம் வீட்டு வாடகையைக் கொடுக்காது என்று அடுக்கினான். கடைசியில் கை கூப்பாத குறை.

"ஒரே ஒரு கையெழுத்துதானே, அக்கா. கடலா வந்து கேக்கப் போகுது?"

கேட்காது. அதனால்தானே இத்தனை பேர் அதற்காகப் பேசிப் பிழைக்கிறோம்.

வியாழக்கிழமை காலையில் பழைய ஸ்லைடைத்தான் கையில் எடுத்தேன். நான் துணிச்சல்காரி இல்லை. எடுத்து வெளிச்சத்தில் காட்டியபோது அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. எந்த வருடமானாலும் அதே கடல் என்றால், இந்த வருடத்து ஸ்லைடை வைத்தாலும் தப்பில்லையே. வைத்துவிட்டேன்.

மூன்று பேர் வந்தார்கள். ஒரு நெட்டை, ஒரு பெரிய கைப்பை அம்மா, வந்ததிலிருந்து போனை விட்டுத் தலை தூக்காத ஒருவர். ஏசி பதினாறு. கோட்டு வந்தது. பச்சைக் கோடு திரையில் ஏறியது. தம்பி பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான். பிறகு எல்லாரையும் என் மேசைக்குக் கூட்டி வந்தார்கள். நெட்டை குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே. தூசி மாதிரில்ல இருக்கு?"

ஃபோகஸ் சரியில்லை என்று பனிக்கரடி திருகினார். கைப்பை அம்மா பார்த்துவிட்டுத் தனக்கும் தூசிதான் தெரிகிறது என்றார். உடனே பனிக்கரடி லென்ஸைக் கழற்றி, கோட்டு நுனியால் துடைத்து, ஊதி, மறுபடி மாட்டினார். கடைசியில் தானே கண்ணை வைத்தார். எத்தனை வருடத்துக்குப் பிறகோ. அவருடைய பிடரியைப் பார்த்தபடி நின்றேன். நிமிர்ந்து, பழைய மைக்ராஸ்கோப், இதற்கும் சேர்த்து நீங்கள் பரிந்துரை செய்ய வேண்டும் என்று அவர்களிடம் சொன்னார். அப்போதுதான் என் வாய் திறந்தது.

"லென்ஸ் சுத்தமாத்தான் சார் இருக்கு. நீங்க கூட்டின மொத்தம் இதுதான்."

என்ன சொல்கிறாய் என்று கைப்பை அம்மா கேட்டார். எண்ணிக்கை இரண்டு மடங்கு என்பது நிஜம், கூடினது அத்தனையும் பொடிசு, கிரிலின் சல்லடையில் நிற்காது என்றேன். என் குரல் எனக்கே கேட்டிருக்காது. ஆனால் போன்காரர்கூடத் தலை தூக்கினார்.

பனிக்கரடி சிரித்தார். நல்ல பெண், எண்ண மட்டும் தெரியும், படிப்பு கிடையாது என்றார். பிறகு தாளை என் முன்னால் வைத்துப் பேனாவைத் திறந்து நீட்டினார். தம்பி அவருக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினான்.

கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. போட்டேன். போடுவதற்கு முன்னால் 'மொத்தம்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே இரண்டு வரி எழுதினேன். பெரியது இவ்வளவு, சிறியது இவ்வளவு. பதினான்கு வருடத்துக்கு முன் பெரியது எவ்வளவு, சிறியது எவ்வளவு என்பதையும் எழுதினேன். அந்த எண்கள் எனக்கு மனப்பாடம்.

"கிறுக்கிட்டா" என்றார் அவர், சிரிப்பு மாறாமல். புதுத் தாள் ஒன்று கொண்டு வா என்று தம்பியை ஸ்டோருக்கு அனுப்பினார். ஸ்டோர் இரண்டு கதவு தள்ளி இருக்கிறது. போய் வர ஒரு நிமிடம்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. டீ வந்தது, குடித்தார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. பனிக்கரடி தான் கப்பலில் போன கதையைச் சொன்னார். இருபது நிமிடம் ஆயிற்று. கீழே கார் ஹாரன் அடித்தது. விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று போன்காரர் எழுந்தார். நெட்டை மேசையில் கிடந்த தாளை எடுத்தார்.

"கையெழுத்து இருக்கில்ல? இது போதும்."

பனிக்கரடி கை நீட்டுவதற்குள் அது கைப்பைக்குள் போய்விட்டது. உண்மையின் மேல் பக்தி வந்து எடுத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். போக்குவரத்து நெரிசலுக்குப் பயந்து எடுத்தார்கள். விமானத்தில் படிப்பார்களோ, டீ தம்ளருக்கு அடியில் வைப்பார்களோ. ஆனால் போனது என் எண்.

கார் கிளம்பினதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக ஸ்டோருக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். தம்பி உள்ளே, அலமாரிக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் வியர்வை. வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்து அவன் கரப்பான்பூச்சிக்கே நாற்காலி மேல் ஏறுகிறவன்.

"தாள் தீந்துபோச்சு சார்" என்றான்.

அவன் உட்கார்ந்திருந்ததே பிரிக்காத தாள் கட்டின் மேல்தான்.