நிறைகோல் அறையில் இரண்டாம் முக்காலி

உச்சியைக் கடந்த ஞாயிறு மேற்கே ஓரடி சாய்ந்து, ஓட்டுக் கூரைகளின் நிழல் வாசற்படியளவு நீண்டிருந்த வேளை. கொல்லரும் தச்சரும் தையலரும் அடுத்தடுத்து வாழும் அந்நெடுந்தெருவில், காலை முழுதும் ஒன்றையொன்று வெல்ல முயன்ற சம்மட்டியொலியும் இரம்பவொலியும் உண்ட களைப்பில் ஓய்ந்து, குழாயடியில் சொட்டும் நீரின் ஓசை மட்டும், கூட்டம் கலைந்த பின்னும் பேசிக்கொண்டு நிற்கும் ஒருவனைப்போல, எவரும் கேளாததைப் பொருட்படுத்தாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

தெருக்கோடி வீடு நிறைகோல் என்னும் நுண்தராசைச் செப்பனிடுவோனுடையது. மருந்து கலப்போரும், ஆய்வுக்கூடத்தில் மண்ணையும் நீரையும் அளந்தறிவோரும் பழுதுற்ற தம் நிறைகோல்களை அவனிடமே கொணர்வர். நூல் நயம் அறிந்த அன்பரே, அவன் பணியறையின் ஒழுங்கை முதற்கண் சொல்லிவிடுகிறேன். கடுகில் பாதியையும் காட்டும் நிறைகோல் மூச்சுக்காற்றுக்கும் அசையும். ஆதலின் தட்டுகள் ஆடி அமையுமளவும் கதவு திறத்தல் ஆகாது. உள்ளிருப்போன் வாய் திறத்தலும் ஆகாது. ஒப்பிட்டுப் பார்க்கும் மூல எடைக்கல்லை விரலால் தொடுதலும் ஆகாது. விரலின் நெய்ப்பசையும் அதற்கு ஒரு சுமை. மென்தோல் சுற்றிய இடுக்கியால் மட்டுமே அதை எடுத்துவைத்தல் வேண்டும். இருபதாண்டு இவ்வொழுங்கில் வாழ்ந்தவன் அறைக்கு வெளியிலும் பேச்சைச் சுருக்கிக்கொண்டான். தராசின் நடுமுள்ளைப்போல எப்பக்கமும் சாயாமல், எதுவும் சொல்லாமல் நிமிர்ந்தே இருந்தமையால் தெருவார் அவனை 'முள்' என்று அழைத்தனர்.

மணந்த புதிதில் அவன் மனைவி அவ்வறையில் ஒரு முக்காலியிட்டு அமர்ந்து, அவன் விரலால் காட்டும் எண்களைத் தாளில் குறித்து வைப்பாள். பேசாமலே இருவரும் ஒன்றாயிருந்த காலம் அது. பின்பு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தொலைவூரில் அவளுடைய தமக்கை நோயுற்று இறந்தாள். ஒரு திருமண வீட்டில் எழுந்த சொல்லால் பகைத்து மூன்றாண்டு பேசாதிருந்தவள், சாகும்போதும் தன்னை அழைக்கவில்லையே என்னும் நினைவு தங்கையின் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று. அதன்பின் அவளுக்கு எவரருகிலும் அமரத் தோன்றவில்லை. முக்காலி சுவரோரம் சென்றது.

இருவரும் கிறித்து நெறியினர். அவள் மனப்பாடமான வேண்டுதல்களைக் காலையும் மாலையும் பிழையின்றி ஓதுவாள். ஓதியதும், அலுவலகச் சாளரத்தில் மனுவை நீட்டிவிட்டு முகம் பாராமல் திரும்புவோரைப்போல அடுக்களைக்குத் திரும்புவாள். அவனோ வழிபாட்டில்லத்தில் கடைசி இருக்கையில், கதவை ஒட்டி அமர்ந்து, இறுதிப் பாடலுக்கு முன்பே எழுந்து செல்பவன்.

இந்நிலையில், ஐந்து திங்களாக ஒரு புதுமை நிகழ்ந்தது. பகலுணவு முடிந்ததும் அவன் வேலை என்று சொல்லி அறைக்குள் சென்று கதவடைப்பான். சிறிது நேரத்தில் உள்ளிருந்து தாழ்ந்த பேச்சொலி எழும். பேசுகிறவன் நிறுக்க இயலாது என்பதை அவளினும் நன்கறிந்தார் எவருமிலர். ஆகவே வேலை என்றது பொய். கைப்பேசியோ அடுக்களை மாடத்தில் கிடந்தது. ஆகவே அவன் பேசும் ஆள் அறைக்குள்ளேயே இருக்கவேண்டும்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் பேசுவாரா?" என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள் அடுத்த வீட்டுத் தையற்காரி. "நான் நாலு வருஷமா அவர்கிட்ட சைகையிலதான் பேசிட்டு இருக்கேன். இப்ப மத்தியானம் ஆனா சிரிப்புச் சத்தம்கூட கேக்குது. நீங்கதான் உள்ள இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"வேற யாரு இருப்பா?"

"அதானே. புதுசா கல்யாணம் ஆன மாதிரி இருக்கேன்னு பாத்தேன்."

தையற்காரியின் தலை மறைந்தது. அவள் சொல் மறையவில்லை. அழுக்காறு, உமிக்குள் இட்ட நெருப்பைப்போல, புகையையும் வெளிக்காட்டாமல் மனைவியின் நெஞ்சைச் சுட்டுச் சென்றது. தன்னிடம் நாளுக்குப் பத்துச் சொல்லும் செலவிடாதவன் வேறொருவருக்கு அள்ளிக் கொடுக்கிறான். அவள் ஓசையின்றிச் சென்று கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். சுவரோரம் கிடந்த முக்காலி, தூசு துடைக்கப்பட்டு, கணவனுக்கு எதிரே நெருங்கக் கிடந்தது. அவளுடைய முக்காலி. அதில் எவரும் இல்லை. அவன் அதை நோக்கி, "உங்ககிட்ட சொன்னப்புறம்தான் எனக்குத் தூக்கமே வருது," என்றான்.

ஒன்பது ஆண்டுகளாகத் தொடாத அக்கதவை அவள் தள்ளித் திறந்தாள். காற்றுப் பட்டு மேசைமேலிருந்த நிறைகோலின் தட்டுகள் ஆடி ஒலித்தன.

"யாருகிட்ட பேசறீங்க?"

அவன் எழுந்து நின்றான். "ஆண்டவர்கிட்ட."

பெண்ணொருத்தியாயிருந்தால் கூந்தலைப் பற்றித் தெருவில் நிறுத்தியிருப்பாள். இவரை எங்கே பற்றுவது? எரிச்சல் தணியவில்லை, இருமடங்காயிற்று.

"ஜெபம் பண்றது தப்பில்ல. நானும்தான் பண்றேன். ஆனா எங்கிட்ட வராத வாய் அவர்கிட்ட மட்டும் எப்படி வருது? அதுவும் என் முக்காலியைப் போட்டு."

"அந்த முக்காலியை என்னால பாக்கவே முடியல, அதான் அவரை அதுல உக்காரச் சொன்னேன்," என்றான் அவன். "ஒரு நாள் கவனமில்லாம மூலக்கல்லை வெறுங்கையில எடுத்துட்டேன். கெட்டுப்போச்சேன்னு துடைக்கும்போது தோணுச்சு, அவரையும் நான் இப்படித்தான் வெச்சிருந்தேன்னு. என் கை பட்டா ஆகாதவர்னு நினைச்சு இடுக்கியாலயே பிடிச்சிட்டு இருந்தேன். அவர், கையைக் கழுவிட்டு வான்னு சொல்றவர் இல்ல. வா, நான் கழுவறேன்னு சொல்றவர். அன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

அவன் தட்டுகளைப் பார்த்தான். அவை இன்னும் அமையவில்லை.

"உன் அக்கா படுத்திருந்தப்ப ஆள் அனுப்பினாங்க. உன்னை ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொன்னாங்க. கோபமெல்லாம் இல்லைன்னும் சொல்லச் சொன்னாங்க. நீ கடைக்குப் போயிருந்தே. எனக்கு நாற்பது தராசு முடிக்க வேண்டியிருந்துச்சு. நீ போயிட்டா எண்ணைக் குறிக்க ஆள் இல்ல. மூணு நாள் கழிச்சு சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். நாலாம் நாள் சாவுச் சேதி வந்துச்சு."

அவளுடைய ஒன்பது ஆண்டுப் புண்ணின்மேல் நீரும் நெருப்பும் ஒருங்கே விழுந்தாற்போலிருந்தது.

"அக்கா என்னைக் கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டாங்க."

"இதை அஞ்சு மாசம் முன்னாடியே அவர்கிட்ட சொல்லிட்டீங்க."

"சொன்னேன். மன்னிச்சாரு. உங்கிட்டயும் சொல்லுன்னு தினமும் உறுத்தினாரு. எனக்குத்தான் தைரியம் வரல."

"அடிபட்டவ நான். எனக்கு முன்னாடி அவர் எப்படி மன்னிக்கலாம்? அவருக்கு என்ன வலிச்சுது?"

அவன் முக்காலியை மெல்ல அவள்பக்கம் நகர்த்தினான். "அதை அவர்கிட்டயே கேளு."

"கேக்கத்தான் போறேன். நீங்க வெளிய போங்க."

கதவு மூடிற்று. தனித்து நின்ற அவள் முதலில் பழகிய வேண்டுதலைத் தொடங்கினாள். இரண்டாம் அடியிலேயே அது வாயில் உலர்ந்தது. முக்காலியில் அமர்ந்தாள். பிறகு, வாழ்நாளில் முதன்முறையாக, எவரும் எழுதித் தராத சொற்களால் இறைவனோடு வழக்கிட்டாள். என் கணவனை நீர் கவர்ந்துகொண்டீர் என்றாள். எனக்குரிய மன்னிப்பை எனக்கு முன்னே எடுத்துக் கொடுத்துவிட்டீர் என்றாள். உமக்கென்ன வலித்தது என்று மீண்டும் கேட்டாள். கேட்ட அளவில், சிறுமியாய் இருந்த நாள்முதல் பார்த்தும் பாராத ஒன்று அவள் நினைவில் வந்து நின்றது: ஆணி துளைத்த இரு கைகள். மன்னித்தவர் வலியறியாத அயலார் அல்லர். ஒவ்வொரு குற்றமும் தம்மேல் தைக்கத் தாங்கி, முறிந்த உறவைத் தம் குருதியால் பொருத்தியவர்.

பின்பு அவள் பேசியபோது குரலில் வழக்கு இல்லை. "அந்தக் கல்யாண வீட்டுல முதல்ல வாய் விட்டது அக்கா இல்ல," என்றாள். "நான்தான். அப்பாவுக்கு அவளைத்தான் பிடிக்கும்னு பொறாமை. அவளைப் பிள்ளை இல்லாதவள்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

வெளியே, ஞாயிறு இன்னும் ஓரடி சாய்ந்திருந்தது. மதிலுக்கு மேலே தையற்காரியின் தலை எழுந்தது. "என்னண்ணே, உங்களை வெளிய நிறுத்திட்டாங்க? உள்ள யாரு?"

"அவ பேசிட்டு இருக்கா," என்றான் முள்.

"அதுக்கு நீங்க ஏன் அழறீங்க?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவை நெருங்கினான். தன் மனைவி தன்னை மன்னிப்பாளா என்பதை அவன் அறியான். அவள் அழுவதும், இடையே ஒருமுறை மெல்லச் சிரிப்பதும் கதவைக் கடந்து வந்தன. அச்சிரிப்பைக் கேட்டு ஒன்பது ஆண்டாயிற்று. அதைப் பெற்ற ஆண்டவர்மேல் அவன் நெஞ்சிலும் சிறியதோர் அழுக்காறு எழுந்தது. தனக்கு மட்டுமே செவிகொடுத்தவர் என்று எண்ணியிருந்தானே. அன்பரே, மறைநூலில் தம்மைப் பொறாமையுடையவர் என்று சொல்ல நாணாத அவ்வாண்டவர், அடியவரின் பொறாமையையும் வாயிலில் தடுப்பதில்லை போலும். வேறு வழியறியாதார் அவ்வழியேனும் வந்து சேரட்டும் என்று விட்டுவைக்கிறார்.

தட்டு அசையாதிருத்தலே அமைதி என்று இருபதாண்டு கருதி வாழ்ந்தவன், மூடிய கதவுக்கு அப்பால் அவள் மூச்சுக்கும் சொல்லுக்கும் பித்தளைத் தட்டுகள் ஆடி ஒலிப்பதைக் கேட்டவாறு, அவளே திறக்குமளவும் திறவாமல் நின்றான்.