நோரீன் ஒப்படைத்த வேலை

ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து நோரீன் ஓர் இரவுகூட முழுதாகத் தூங்கவில்லை. சவுத்லேண்டில் கன்று ஈனும் பருவம் அப்படித்தான். ஐந்நூறு மாடுகள், விடாத மழை, முழங்கால்வரை சேறு. பண்ணையின் சொந்தக்காரர் கிரேம் ஊருக்குள் சௌகரியமாக இருந்தார். இங்கே மேலாளர் நோரீன். அவளுக்கு அடுத்தபடி டோங்கா தீவுக்காரன் ஃபெலெட்டி. அவ்வளவுதான் ஆள்பலம்.

"எல்லாத்தையும் நீயே இழுத்துப் போட்டுக்காத. பாதிய அவன்கிட்ட குடு" என்று கிரேம் சொன்னதால், ஒரு மாதத்துக்கு முன் கொடுத்தாள். "மருந்து பூராவும் இனிமே உன் பொறுப்பு ஃபெலெட்டி. நான் தலையிட மாட்டேன்."

மடிநோய்க்கு மருந்து போட்ட மாட்டின் காலில் சிவப்பு நாடா கட்டி, அதன் எண்ணைப் பலகையில் எழுத வேண்டும். மருந்து கலந்த அதன் பால் சில நாள் விற்பனைக்கான பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது. ஃபெலெட்டி ஒன்றுகூடப் பிசகாமல் செய்தான். ஆனாலும் அவன் கட்டிய நாடாவை இவள் இன்னொரு தரம் இழுத்துக் கட்டினாள். அவன் எழுதியதை எட்டிப் பார்க்காமல் அவளுக்குத் தேநீர் இறங்கவில்லை. கொடுத்த வேலையைக் கையைவிட்டு விட வேண்டுமே, அதுதான் அவளுக்கு வரவில்லை.

இதற்கிடையில் பக்கத்துப் பண்ணை ஃபெலெட்டியை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் போய்விட்டால் தன்னால் இந்தப் பருவத்தைத் தாண்ட முடியாது என்பது நோரீனுக்குத் தெரியும்.

வியாழன் காலை கறவை முடிந்ததும் ஃபெலெட்டி மருந்து அலமாரியைத் திறந்து எண்ணினான். நேரே அவளிடம் வந்தான்.

"பாஸ், நேத்து சாயங்காலம் ஏதாச்சும் மாட்டுக்கு மருந்து போட்டீங்களா? மருந்துக் குழாய் ஒண்ணு குறையுது."

நோரீனுக்குச் சட்டென்று உறைத்தது. இருநூற்று முப்பத்தாறாம் மாடு. நேற்று மாலை அதன் பால் திரி திரியாக வந்தது. கை சும்மா இருக்குமா? மருந்தைப் போட்டுவிட்டாள். அதற்குள் போன் அடித்தது. நாடாவும் இல்லை, பலகையில் எண்ணும் இல்லை.

"ஐயோ... இருநூத்தி முப்பத்தாறு. உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"காலைல அதோட பால் தொட்டிக்குள்ளதான் போச்சு" என்றான் அவன். கோபப்படவில்லை. பால் வண்டியை வர வேண்டாம் என்று போன் செய்தான். பிறகு தொட்டியைத் திறந்துவிட்டான். ஒன்பதாயிரம் லிட்டர் கழிவுக் குட்டைக்குப் போவதை இருவரும் நின்று பார்த்தார்கள்.

"கிரேம்கிட்ட நான் பேசுறேன். மருந்து என் பொறுப்புதானே" என்றான் ஃபெலெட்டி.

"நீ முதல்ல போய்ச் சாப்பிடு."

அவன் தலை மறைந்ததும் அவள் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்து கிரேமைக் கூப்பிட்டாள். "முழுக்க என் தப்பு. அவனுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது."

கிரேம் பெருமூச்சு விட்டார். "சரி, விடு. ஆனா அந்தப் பையன விட்டுடாத."

நோரீனுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அன்றைக்கு முதல்தடவையாகக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள். ஃபெலெட்டி கொட்டகைச் சுவரோரம் நின்று இறைச்சி அடைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

"கிரேம்கிட்ட சொல்லிட்டேன்பா. உன்மேல ஒரு துளி பழி வராது."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "நான் பேசுறேன்னுதானே சொன்னேன் பாஸ்?"

"உனக்கு எதுக்குடா அந்தத் தலைவலி?"

"எனக்குன்னு குடுத்த வேலைல வந்த தலைவலி. அதையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க." அவன் குரல் உயரவில்லை, களைத்துத்தான் இருந்தது. "நீங்க நல்லவங்க பாஸ், அதுல சந்தேகமே இல்ல. ஆனா உங்ககிட்ட இருந்தா நான் பத்து வருசமானாலும் நாடா கட்டுறவன்தான். பக்கத்துப் பண்ணைக்கு வரேன்னு இன்னைக்கே சொல்லிடப் போறேன். பருவம் முடியிறவரைக்கும் இருக்கேன், பயப்படாதீங்க."

கன்றுகளைப் பார்க்க அவன் மழைக்குள் இறங்கினான். நோரீனுக்கு அழுகை முட்டியது. போகாதே என்று சொல்ல வேண்டும். இனி மாறிவிடுகிறேன் என்றாவது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள்.

"ஃபெலெட்டி! வடக்குக் கதவச் சாத்திட்டியா?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாத்திட்டேன் பாஸ்."