ஒரு குடுவை எலுமிச்சைச் சாறு

மனைவிக்குப் பிடித்திருந்த சைக்கிள் பைத்தியம் எதில் சேர்த்தி என்று மூக்குக்கண்ணாடிக்கடைக்காரருக்கு மூன்று வருடமாகப் புரியவில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் வாரம் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள், ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்க வேண்டாமா? விடியுமுன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "உனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து?" என்று போர்வைக்குள்ளிருந்தே கேட்பார். வாசல்வரைகூட வந்து வழியனுப்பியதில்லை.

அவள் ஆசை ஒன்றே ஒன்றுதான். வருடம் ஒருமுறை நடக்கும் சைக்கிள் பயணத்தில் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் இருநூறு கிலோமீட்டர் ஓட்டி முடிக்க வேண்டும். வழியில் நான்கு இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். அதுபோக, முடிவிடத்தில் கடைசியாக ஒன்று. முதல் வருடம் இருபது நிமிட வித்தியாசத்தில் கோட்டைவிட்டாள். இரண்டாம் வருடம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, ஏதோ சரக்கு வண்டியில் சைக்கிளோடு வந்து இறங்கினாள். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. அந்த முகம் அவரை ஒரு வருடமாகத் தொந்தரவு செய்தது. மனிதர் கல்நெஞ்சக்காரரெல்லாம் இல்லை, வெறும் சோம்பேறி.

அதனால் இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு மத்தியானமே கடையைப் பூட்டினார். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றில் ஐஸ் கட்டிகளை அள்ளிப் போட்டு, குடுவையோடு காரில் ஏறினார். நூற்று அறுபதாவது கிலோமீட்டரில், ஒரு மேட்டின் உச்சியில் அவளைப் பிடித்தார். வியர்வை காய்ந்து முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. அவர் குடுவையை நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கொஞ்சம் தயங்கினாள். பிறகு வாங்கி மடமடவென்று குடித்தாள்.

"இன்னும் இருக்கு, ஊத்தட்டுமா?"

"போதுங்க. நீங்க முன்னாடி போங்க. முடியற இடத்துல பாக்கலாம்."

முடிவிடம் ஒரு சைக்கிள் கடை. அங்கே நின்ற அத்தனை பேரிடமும், "எங்க வீட்டம்மாவும் வந்துக்கிட்டிருக்காங்க" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். சொல்ல ஆள் தீர்ந்ததும் சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் படித்தார். இதே தாள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு மாதமாக ஒட்டிக்கிடந்தது. பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர் அதை ஒருநாளும் படித்ததில்லை.

ஏழாவது விதி: முத்திரை இடங்களைத் தவிர வழியில் வேறெங்கும் குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ உதவி பெற்றால் பயணம் செல்லாது. தண்ணீரும் உதவியே.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். யாரும் பார்க்கவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. களைப்பில் அவளும் மறந்திருப்பாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

பன்னிரண்டு நிமிடம் மிச்சம் இருக்கையில் அவள் வந்து சேர்ந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். முத்திரை வைக்கிறவர் ஓய்வுபெற்ற சர்வேயர். சிரித்துக்கொண்டே அட்டைக்குக் கை நீட்டினார்.

"இருங்க சார்" என்றாள் அவள். "நூத்தி அறுபதுல ஒருத்தர் குடுத்ததை வாங்கிக் குடிச்சேன்."

"யாரு? கூட ஓட்டறவங்களா?"

"நான்தாங்க" என்று குறுக்கே புகுந்தார் கண்ணாடிக்கடைக்காரர். "அவ கேக்கல. நான்தான் கூறு இல்லாம நீட்டினேன்."

சர்வேயர் முத்திரையைக் கீழே வைத்தார். "எனக்கே மனசு கேக்கல மேடம்" என்றார். ஆனாலும் கீழே வைத்த முத்திரையை மறுபடி எடுக்கவில்லை.

வெளியே படிக்கட்டில் அவள் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விதி உனக்கு மறந்துபோச்சா?"

"மறக்கல."

"அப்புறம் ஏன் குடிச்ச?"

"மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் வந்தீங்க" என்றாள் அவள். "வேண்டாம்னு திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரல."

அவர் எழுந்து உள்ளே போனார்.

"சார், முத்திரை வைக்கிற இடத்துல நின்னு குடுத்தா தப்பில்லையே?"

"அங்க தாராளமா குடுக்கலாம்."

"அந்த நாலு இடமும் எங்கெங்கன்னு மெதுவா சொல்லுங்க" என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அடுத்த வருஷத்துக்கு எழுதிக்கிறேன்."