ஒரு வியாழக்கிழமைக்கு மட்டும் அண்ணன்

முப்பத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். ஒரு நாளைக்கு நாற்பது பொய் வீதம் கேட்டுக் கேட்டு, ஓய்வு பெறும்போது அந்தக் கலையில் உலகத்திலேயே கரைகண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருந்தேன். அவ்வளவு சரக்கையும் உள்ளே பூட்டி வைத்தால் உடம்புக்கு ஆகுமா? அதனால்தான் சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்த மாத்திரைக்காக உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரர், "சார், ஒரு மணி நேரம் எனக்கு அண்ணனா இருக்க முடியுமா?" என்று கேட்டதும், எதற்கென்றுகூடக் கேட்காமல் எழுந்துவிட்டேன்.

மருந்தகத்தைத் தாண்டி நடக்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அவர் பஸ் டிரைவர். குடியினால் வேலைக்கு மட்டம் போட்டு மட்டம் போட்டு, கடைசியில் டிப்போவே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இங்கே குடி நிறுத்தும் பிரிவில் சேர்ந்து, ஐந்து மாதமாக ஒரு சொட்டு தொடவில்லை. வண்டி ஓட்டத் தகுதியானவர் என்று இங்கிருந்து கடிதம் போனால் திங்கட்கிழமை ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். போகாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. ஆனால் கடிதத்துக்கு முன்னால் வீட்டிலிருந்து ஒருவர் வந்து குடும்பக் கூட்டத்தில் பேசியாக வேண்டும். இன்றைக்குத்தான் கடைசிக் கூட்டம்.

"வீட்ல வரமாட்டாங்களா?" என்றேன்.

"கூப்பிட்டா வருவா சார். வந்தா பேசுவா. அதான் பயம்."

கூட்டத்தை நடத்திய ஆலோசகர் அம்மா சின்ன உருவம். அந்தப் பார்வையை மட்டும் ரயிலில் ஏற்றியிருந்தால் டிக்கெட் எடுக்காத அத்தனை பேரும் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்திருப்பார்கள். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பன்னிரண்டு பேர். விதி ஒன்றுதான்: குடி வீட்டில் என்ன செய்தது என்று உறவுக்காரர் சொல்ல வேண்டும். குடித்தவர் கையில் ஒரு சிவப்பு ரப்பர் பந்தைக் கொடுத்துவிடுவார்கள். பந்து கையில் இருக்கும்வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது.

முதலில் ஒரு மாமியார், மாப்பிள்ளை ராத்திரியெல்லாம் சுவரோடு சண்டை போட்ட கதையைச் சொன்னார். அம்மா இரண்டு வரி எழுதினார். அடுத்து நான்.

சத்தியமாக, 'தம்பி கொஞ்சம் குடிப்பான், இப்போது திருந்திவிட்டான்' என்று சொல்லிவிட்டு உட்காரத்தான் எழுந்தேன். ஆனால் அத்தனை முகமும் என்னையே பார்த்தன. முப்பத்திரண்டு வருடம் என் முகத்தை அப்படி ஆசையாக யாருமே பார்த்ததில்லை. தம்பி ஃப்ரிட்ஜை விற்றுவிட்டான் என்றேன். வட்டம் நிமிர்ந்தது. உள்ளே இருந்த ஒரு டஜன் முட்டையோடு விற்றான் என்றேன். மறுநாள் வாங்கியவர் வீட்டுக்கே போய் முட்டையைத் திருப்பிக் கேட்டான், அதுவும் அவித்துத் தரச் சொல்லி. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டிரைவர் பந்தைப் பிடித்துக்கொண்டு விழித்தார். எனக்குக் கால் தரையில் இல்லை. அதே வேகத்தில், ஒருநாள் டிப்போ பஸ்ஸையே மாடி ஜன்னலோரம் கொண்டுவந்து நிறுத்தி, அதன் கூரை வழியாக வீட்டுக்குள் இறங்கினான் என்று போட்டேன்.

அம்மாவின் பேனா நின்றது. "குடிச்சுட்டா ஓட்டிட்டு வந்தாரு?"

"எழுபது பயணிகளோட" என்றேன், ஒரு சுருதி ஏற்றி.

கோப்பு மூடிக்கொண்டது. இது தனக்குத் தெரியாது என்றும், இன்றைக்குக் கடிதம் இல்லை என்றும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றும் அவர் அமைதியாகச் சொன்னார். டிரைவரின் கையில் பந்து சப்பாத்தி போல நசுங்கியது. வாயை மட்டும் திறக்கவில்லை. விதி என்றால் விதி என்று இருந்த அந்த மனுஷனைப் பார்த்ததும் நான் கையைத் தூக்கினேன்.

"மேடம், பஸ் கதை பொய்" என்றேன்.

"அப்ப ஃப்ரிட்ஜ்?"

"அதுவும். நானும்."

அவர் கத்தியிருந்தால் தேவலை. டிரைவரிடம் பந்தை அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, விண்ணப்பத்தில் இருந்த எண்ணைப் பார்த்து வீட்டுக்கு அவரே போன் செய்தார். இரண்டு தெரு தள்ளித் தையற்கடையில் வேலை பார்க்கும் மனைவி, புடவையெல்லாம் நூல் துணுக்கோடு பத்தே நிமிடத்தில் வந்து நின்றார். உட்காரக்கூட இல்லை.

"குடிச்சுட்டு வண்டி எடுத்ததில்ல. அடிச்சதில்ல. வந்து படுத்துடுவாரு, அவ்வளவுதான். புள்ள தினமும் ஒரு படம் வரைஞ்சு அவர் நெஞ்சு மேல வெச்சுட்டுப் போவா. காலைல அது கீழ கெடக்கும். அதை மிதிச்சுட்டு எழுந்து போவாரு. அப்புறம் அவ வரையறதையே விட்டுட்டா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா கையை நீட்டிப் பந்தை வாங்கிக்கொண்டார்.

"ஏழு படம் என்கிட்ட இருக்கு" என்றார் டிரைவர். "செருப்புத் தடத்தோட. சாப்பாட்டுப் பைக்குள்ள மடிச்சு வெச்சிருக்கேன். காட்டத்தான் தைரியம் வரல."

"இத்தனை நாள் வாயில என்ன வெச்சிருந்தீங்க?" என்றார் மனைவி. திட்டத்தான் ஆரம்பித்தார், குரல் பாதியில் கைவிட்டுவிட்டது. அதை மறைக்கச் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "ஆமா, இவரு யாரு?"

"என் அண்ணன்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் டிரைவர்.

"பன்னெண்டு வருஷமா எனக்கே தெரியாம ஒரு மூத்தாரா? கல்யாணத்துக்குக்கூட வரலையே!"

அந்த அறை சிரிப்பால் வெடித்தது. மாமியார் நாற்காலியோடு சாய்ந்தார். ஆலோசகர் அம்மா கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார், கோப்பு குலுங்கியது. அது அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று என்பேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

பிறகு ஆலோசகர் அம்மா, மனைவியைத் தனியே உட்கார வைத்து இன்னும் சில கேள்விகள் கேட்டார். வேலைக்குப் போனாலும் வியாழன்தோறும் இருவரும் வர வேண்டும் என்று எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். பிறகுதான் கடிதத்தில் முத்திரை விழுந்தது. டிரைவர் கையை நீட்டுவதற்குள் மனைவி அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமை காலைல டிப்போ வாசல்ல தர்றேன். அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

"சரி" என்றார் டிரைவர், ராஜ்ஜியமே கிடைத்தவர் மாதிரி.

வெளியே படியில் அவரை நிறுத்தி, முதுகில் சாண் வைத்து இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை அளந்தார் மனைவி. "உடம்பு தேறியிருக்கு. பழைய காக்கிச் சட்டை பத்தாது. வாங்க, இன்னிக்கே தையலைப் பிரிச்சு விட்டுடறேன்."