மீந்த தண்ணீர்

காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அவளும் வாசல் காவலாளியும் மட்டும்தான் இருந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கான புதுக் கழிப்பறையின் நான்கு அறைகளையும் தேய்த்துக் கழுவி, டைல்ஸில் ஒரு சொட்டு ஈரம் நிற்காதபடி பழைய துணியால் ஒற்றி எடுத்தாள். வெளியே கம்பிக் கதவில் பூட்டைப் போட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஐந்து வாரமாக இதே வேலை. யாரும் கால் வைக்காத இடத்தில் கழுவுவதற்குத் தூசிதான் கிடைத்தது.

"என்னக்கா, அரண்மனையைப் பூட்டியாச்சா?" என்றார் காவலாளி. "ராஜா எப்பத்தான் வர்றாராம்?"

"அடுத்த வாரமாம்."

"போன மாசமும் அடுத்த வாரந்தானே?"

ராஜா என்று அவர் சொன்னது ஆய்வுக் குழுவை. சிறந்த பள்ளிக்கான பட்டியலில் இந்தப் பள்ளியும் இருந்தது. அதற்குக் காரணம் இந்த வருஷம் வந்த தலைமையாசிரியை. அந்த அம்மாவைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. வெயிலில் நின்று சுவருக்கு வெள்ளையடிக்க வைத்தார். அலுவலகம் அலுவலகமாக அலைந்து புதுக் கழிப்பறையைக் கட்ட வைத்தார். கட்டி முடித்ததும், குழு வந்து பார்க்கும்வரை அதில் ஒரு கறைகூடப் படக்கூடாது என்று பூட்டவும் சொன்னார்.

நானூறு பெண்பிள்ளைகளுக்கும் பின்பக்கத்துப் பழைய அறைகள் இரண்டுதான். ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். இடைவேளை பத்து நிமிஷம். வரிசையில் பாதிப் பேர் நகரும் முன்பே மணி அடித்துவிடும்.

பிள்ளைகள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். நிரப்பிய பாட்டிலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனால் திட்டு விழும். அதனால் சாயங்கால மணி அடித்ததும் வாசலோரப் பாத்தியில் ஊற்றிவிட்டுப் போனார்கள். செடிகள் தளதளவென்று வளர்ந்தன. தலைமையாசிரியை ஜன்னலிலிருந்து பார்த்துப் பூரித்துப்போய், காலைக் கூட்டத்தில் பாராட்டினார்: "யாரும் சொல்லாமலே செடிக்குத் தண்ணி ஊத்துறீங்க பாருங்க, இதுதான் பொறுப்பு."

அவளுடைய மகள் அங்கேதான் ஒன்பதாவது படித்தாள். மூன்று நாளாக அவளுக்குக் காய்ச்சல். ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று சுருண்டு படுத்திருந்தாள்.

"பகல் பூரா அடக்கி வைக்கிறியா? தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதட்டினார். மகள் அம்மாவின் இடுப்பிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

மறுநாள் முதல் இடைவேளையில் அவள் கம்பிக் கதவைத் திறந்துவிட்டாள். "போங்கடி, சீக்கிரம் போங்க." பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மணி அடித்த பிறகு துணியோடு உள்ளே போனபோது, தலைமையாசிரியை ஈரத்தில் பதிந்த காலடிகளைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க?"

"பிள்ளைங்க பாவம் டீச்சர். எம்பொண்ணே காய்ச்சல்ல கிடக்குறா."

"எனக்கு மட்டும் அக்கறை இல்லையா? பரிசு கிடைச்சா இன்னும் பத்து ரூம் கட்டலாம். யாருக்காக இப்படி அலையுறேன்? ஒரு வாரம் பொறுத்துக்க முடியாதா?"

"அஞ்சு வாரமா அதே ஒரு வாரந்தான் டீச்சர்."

தலைமையாசிரியை குரலை உயர்த்தாமலே சொன்னார்: "உங்களை அடுத்த வருஷமும் வேலையில வச்சுக்கிற லெட்டர் என் டேபிள்மேல இருக்கு. இன்னும் கையெழுத்துப் போடல. ஞாபகம் இருக்கட்டும்."

அவள் குனிந்து காலடிகளைத் துடைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை குழு உண்மையாகவே வந்துவிட்டது. கையில் படிவத்தோடு வந்த அதிகாரியம்மாள் கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்து, புருவத்தை உயர்த்தினார். சுவரோரம் நின்றிருந்தவளிடம் திரும்பினார்.

"எப்பவும் இப்படியேதான் இருக்குமா?"

தலைமையாசிரியை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அவள் சொல்லிவிட்டாள்.

"எப்பவும் பூட்டித்தாம்மா வச்சிருக்கோம்."

"ஸ்கூல் விட்டதும் பூட்டிடுறீங்களா? ரொம்ப நல்லது. வெளியாள் தொல்லை இருக்காது." அதிகாரியம்மாள் படிவத்தில் 'பாதுகாப்பு' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.

"இல்லம்மா, பகல்லயும்..."

அதற்குள் அதிகாரியம்மாள் வாசல் பக்கம் நடந்துவிட்டார். "அட, இந்த வெயில்ல செடியெல்லாம் எப்படிங்க இவ்வளவு பச்சையா இருக்கு?"

"பிள்ளைங்களே ஊத்துறாங்க மேடம். அவங்க குடிக்கக் கொண்டுவர்ற தண்ணியில மிச்சம் பிடிச்சு," என்றார் தலைமையாசிரியை.

குழு பாத்தியருகே நின்று படம் எடுத்துக்கொண்டது. கார் கிளம்பியதும் தலைமையாசிரியை அவளிடம் வந்து கையை நீட்டினார்.

"சாவியைக் கொடுங்க. முடிவு தெரியிற வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்."

லெட்டரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாவி இருந்த இடத்தில் இடுப்பு லேசாக உறுத்தியது.

சாயங்கால மணி அடித்தது. பிள்ளைகள் பாத்தியோரம் வரிசையாக நின்று பாட்டில் மூடிகளைத் திருகினார்கள். மண் இனிமேல் குடிக்க மாட்டேன் என்பதுபோல், தண்ணீர் கரை தாண்டி நடைபாதையில் வழிந்தது. அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

வரிசையின் கடைசியில், காய்ச்சல் விட்டு அன்றுதான் வந்திருந்த மகள் நின்றாள். காலையில் அம்மா காய்ச்சி ஆறவைத்து நிரப்பிக் கொடுத்த பாட்டிலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை உதறிக்கொண்டிருந்தாள்.