முதல் கரண்டி

பூங்காவின் கதவைத் திறந்ததும் உள்ளே நுழைகிற முதல் கார் ஆர்டீலியாவுடையதாக இருந்தாக வேண்டும். தண்ணீரை ஒட்டிய பெரிய கொட்டகை, முதலில் மேசைவிரிப்பைப் போடுகிறவர்களுக்குத்தான். வருடத்துக்கு ஒருமுறை குடும்பம் மொத்தமும் கூடுகிற அந்த ஞாயிற்றுக்கிழமையில் விரிப்புப் போடுவது, கரி மூட்டுவது, நாற்காலி இறக்குவது எல்லாம் அவள் தலையில்தான். அம்மா போனதிலிருந்து அப்படித்தான்.

அமெரிக்காவில் நிறவெறி இருந்த காலத்தில், செசபீக் விரிகுடாவின் இந்தப் பக்கம் இவர்களைப் போன்ற கறுப்பர்கள் கால் நனைக்க இந்த ஒரு கரைதான் இருந்தது. பழைய நடனக்கூடத்தின் முன்னால் மாவட்ட நிர்வாகத்தார் இப்போது ஒரு வரலாற்றுப் பலகை நட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் நின்று படிக்கிறார்கள். ஆர்டீலியாவுக்கு நிற்க ஏது நேரம்? இத்தனை வருடம் வந்தும் அவள் பார்த்தது அடுப்பையும் மேசையையும்தான். தண்ணீர் எப்போதும் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

இந்த வருடம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. விட்டால் போதும் என்றிருந்தது. உருளைக்கிழங்கு சாலட் என்னால் முடியாது என்று தம்பி லூசியஸிடம் சொன்னபோது, யாரோ செத்துப்போன மாதிரி அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். கோழி, நண்டெல்லாம் யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். சாலட்டில் மட்டும் கண்டவர்கள் கை வைக்க முடியாது. அதைச் செய்கிறவளே அந்த நாளை நடத்துகிறவள். ஒருமுறை கடையில் வாங்கி வந்த மச்சானை இன்றுவரை கிண்டலடிக்கிறார்கள்.

கடைசியில் லூசியஸின் மருமகள் ரெனிட்டா, போன வருடம் குடும்பத்துக்குள் வந்தவள், நான் செய்கிறேன் என்றாளாம். பாவம், விஷயம் தெரியாத பெண்.

மத்தியானம் கோழி காலியானது, நண்டு காலியானது. சாலட் பாத்திரத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அதுவரை சாலட் செய்துவந்த கை முதலில் ருசி பார்த்து நல்லாருக்கு என்று சொல்ல வேண்டும்; சொல்லிவிட்டால் பொறுப்பு கைமாறிவிட்டது. அப்படிச் சொல்லாமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டால், அடுத்த வருடமும் ஆர்டீலியாதான் கிழங்கு உரிக்க வேண்டும். எல்லோரும் வேறெங்கோ பார்ப்பதுபோல் அவளையே பார்த்தார்கள்.

ஆர்டீலியா ஒரு வாய் எடுத்துப் போட்டாள். கிழங்கு வேகவில்லை, நறநறவென்றது. உப்பு மருந்துக்கும் இல்லை. இனிப்பு வெள்ளரி ஊறுகாயை ரெனிட்டா அள்ளிக் கொட்டியிருந்தாள். அம்மா இருந்திருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கடற்பறவைக்கு வீசியிருப்பாள். ஆர்டீலியாவுக்கும் கோபம் வந்தது. ஒரு கிழங்கை வேகவைக்கக்கூடவா தெரியாது?

உண்மை நுனிநாக்குவரை வந்துவிட்டது. எதிரே ரெனிட்டா பிளாஸ்திரி ஒட்டிய விரலை மறைத்துக்கொண்டு நின்றாள். மேசைக்கடியில் ஆர்டீலியாவின் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

"நல்லாருக்கு. இன்னும் ரெண்டு கரண்டி போடும்மா," என்றாள்.

கூட்டம் பாத்திரத்தின்மேல் விழுந்தது. லூசியஸ் ஒரு வாய் மென்றான், மெல்லுவதை நிறுத்தினான், அக்காவின் காதோரம் குனிந்தான்.

"மனசறிஞ்சு சொல்லுக்கா. இதுவா நல்லாருக்கு?"

"பேசாம தின்னுடா. அடுத்த வருஷம் நீ வந்து உரிக்கிறியா?"

அவன் விழுங்கினான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு கரண்டி கேட்டான்.

அடுத்த வருடமும் தானே செய்யட்டுமா என்று ரெனிட்டா வந்து கேட்டாள். "செய்யி. காலையில வந்து விரிப்பையும் நீயே போட்டுடு," என்றாள் ஆர்டீலியா. சொன்னதும் பாரம் இறங்குமென்றுதான் நினைத்திருந்தாள். இறங்கத்தான் செய்தது, கூடவே அம்மா இரண்டாம் முறை செத்ததுபோலவும் இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். வெதுவெதுப்பாக இருந்தது. பின்னாலிருந்து யாரோ கரிமூட்டை எங்கே என்று அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பழக்கதோஷம், பாதி திரும்பிவிட்டாள்.

"ரெனிட்டாவக் கேளுங்க," என்று மறுபடி தண்ணீரைப் பார்த்து நின்றுகொண்டாள்.