வேலிக்கு அந்தப் பக்கம் பூத்த மரம்

குவாபாரா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாகானோ மலையடிவாரத்தில் வீடு கட்டின வருஷமே தோட்டத்து ஓரத்தில் ஒரு செர்ரிக் கன்றை நட்டார். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யோசிக்காமல் நட்டதுதான் பிசகு. தெற்கே மினெகிஷி அம்மாளின் வீடு. முன்பக்கம் பெண்களுக்கு முடி வெட்டும் கடை, பின்பக்கம் தோட்டம். மரம் வெயிலைத் தேடிக்கொண்டு வேலியைத் தாண்டி அந்தத் தோட்டத்துக்குள் சாய்ந்தே வளர்ந்தது.

எரு போடுவது, கோடையில் தண்ணீர் ஊற்றுவது, குளிர்காலத்தில் மொட்டைக் கொத்த வரும் குருவிகளை விரட்டுவது எல்லாம் குவாபாரா. பூ மட்டும் அங்கே. ஏப்ரலில் மினெகிஷி அம்மாள் நீலத் தார்ப்பாயை விரித்து வாடிக்கையாளர்களை உட்காரவைத்து விருந்து கொடுப்பார். வேலிக்கு மேலே ஒரு தட்டு மாவுருண்டை வரும்.

"உங்க மரம் இந்த வருஷம் பிரமாதமா பூத்திருக்கு, குவாபாரா சார்."

"அப்படித்தான் கேள்விப்பட்டேன்," என்று தட்டை வாங்கிக்கொள்வார் அவர்.

"மரம் நம்ம பேருல, குடித்தனம் அங்க," என்பாள் அவர் மனைவி ஃபுசாயே.

ஒரு வருஷம் அவர் பக்கத்து இரண்டு கிளைகளில் பூவே வரவில்லை. மெல்லிய குச்சிகள் கொத்துக் கொத்தாக முளைத்து, அதில் சின்ன இலைகள். ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு நாற்றுப் பண்ணைக்குப் போனார்.

"துடைப்ப நோய். இனி அந்தக் கிளை பூக்காது, மத்ததுக்கும் பரவும்," என்றார் பண்ணைக்காரர். "இலை கொட்டினதும் வீங்கின இடத்துக்குக் கீழ வெட்டி, களிம்பு பூசிடுங்க."

பிப்ரவரியில் ரம்பத்தோடு ஏறித் தன் பக்கத்து இரண்டு கிளைகளையும் வெட்டினார். அன்று மாலையே மினெகிஷி அம்மாள் ஒரு ஸ்ட்ராபெரி கேக்கோடு வந்து உட்கார்ந்தார்.

"நம்ம மேல ஏதாவது வருத்தமா, சார்?"

"இல்லைங்க. சீக்கு."

"யாருக்கு?"

"மரத்துக்கு. உங்க பக்கம் பெரிய கிளையிலயும் இருக்கு. அதையும் எடுக்கணும்."

அந்த அம்மாள் கேக்கைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அங்கதானே பூவே."

"சீக்கும் அங்கதான்."

"ஏப்ரல் வரட்டும். பூக்கலைன்னா நானே ஏணி புடிக்கிறேன்."

அவர் போன பிறகு ஃபுசாயே சொன்னாள்: "நீங்க வயித்தெரிச்சல்ல வெட்டுறதா நினைச்சுட்டுப் போறாங்க."

"வயித்தெரிச்சல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது. சீக்கும் இருக்கு."

முடி வெட்டும் கடையில் ஒரு செய்தி போய்விட்டால் தெருவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதம் முழுக்க குவாபாராவின் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் குறைவாகவே வந்தது. காய்கறிக் கடையில் அவருக்கு வதங்கின முள்ளங்கியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்கள். அவர் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை.

ஏப்ரல் வந்தது. மரம் பூத்தது. பெரிய கிளையின் நடுவில் மட்டும் பச்சையாக ஒரு புதர். தார்ப்பாயில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அது என்ன, காக்காக் கூடா?"

"ஆமா," என்றார் மினெகிஷி அம்மாள்.

"காக்காயைக் காணோமே."

அந்த அம்மாள் எழுந்து வேலியோரம் வந்தார். "சார், ஏணி எங்க?"

"இப்ப வேண்டாங்க. இலை கொட்டினப்புறம் வெட்டிக்கலாம்."

"அதுவரைக்கும் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்றதுக்கில்ல. பூவைப் பார்க்கலாம்."

அந்த அம்மாள் தார்ப்பாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வாங்களேன், ரெண்டு பேரும்," என்றார்.

இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் அழைப்பு. குவாபாரா செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்து மேலே பார்த்தார். தன் மரத்தை வெயில் பக்கத்திலிருந்து அவர் பார்த்ததே இல்லை. கையில் கொடுத்த கிண்ணத்துச் சாக்கே மதுவைக் குடிக்க மறந்துபோனார். யாரோ என்ன எரு என்று கேட்டார்கள். அவர் சொல்ல ஆரம்பித்தார். ஃபுசாயே முழங்கையால் இடித்த பிறகுதான் நிறுத்தினார்.

இலை கொட்டினதும் மினெகிஷி அம்மாள் சொன்னபடி ஏணியைப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் நுனியில வெட்டுங்க, சார்."

"இது முடி இல்லைங்க, திரும்ப வளர."

"முடியும் எல்லாருக்கும் வளர்றதில்ல," என்றாள் ஃபுசாயே, கணவரின் தலையை அண்ணாந்து பார்த்து.

கிளை விழுந்தபோது அந்த அம்மாளின் பூச்செடி ஒன்றும் நசுங்கியது. களிம்பைக் குவாபாரா குச்சியால் அப்புவதைப் பார்க்கச் சகிக்காமல் மினெகிஷி அம்மாள் உள்ளே போய் முடிக்குச் சாயம் பூசும் தூரிகையை எடுத்து வந்தார். பூசி முடித்துக் கீழே இறங்கினார் குவாபாரா. கிளை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அதைப் பார்த்து அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல மரம்ங்க, தாங்கும்," என்றார் குவாபாரா. ஆறுதல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

அடுத்த ஏப்ரலில் பூ பாதிதான். விருந்துக்கு வந்தவர்களும் பாதிதான். நோய் மட்டும் எங்கும் தென்படவில்லை. இருந்தாலும் குவாபாரா மாதம் ஒரு தடவை அந்த வீட்டுக்குள் நுழைந்து, கிளை கிளையாகப் பார்த்துவிட்டு வருகிறார். வரும்போது கேட்டைச் சாத்துவதில்லை என்று மினெகிஷி அம்மாள் ஃபுசாயேயிடம் குறைப்பட்டுக்கொள்கிறார்.